மைக்ரோசாப்ட் எதைத் திறந்தது, எதைப் பூட்டி வைத்திருக்கிறது?

எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் சமீபத்தில்தான் முதல் கம்ப்யூட்டரை வாங்கினார். அசெம்பிள் செய்து கொடுத்த கடைப் பையன் விண்டோஸுக்கு மட்டும் பில் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மைக்ரோசாப்டே இப்ப ஓப்பன் சோர்ஸ் ஆயிடுச்சு சார், லைசென்ஸ் எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றானாம். சில நாட்களிலேயே திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று சாம்பல் நிற எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொண்டன. செட்டிங்ஸில் போய் வால்பேப்பரை மாற்றவும் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பையன் சொன்னது பொய்யா தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மைக்ரோசாப்ட் தன் சாப்ட்வேர்கள் பலவற்றை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருப்பது உண்மை. ஆனால் விண்டோஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆபீஸ் தொகுப்பும் இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

பாக்கெட் பொடியும் வீட்டுப் பொடியும்

கடையில் வாங்கும் சாம்பார் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்னால் மிளகாய், மல்லி, பெருங்காயம் என்று பெயர்கள் இருக்கும். எது எத்தனை கிராம், எதை எவ்வளவு வறுக்க வேண்டும் என்பது இருக்காது. விண்டோஸ் நமக்கு இப்படித்தான் வருகிறது. புரோகிராமர்கள் எழுதிய வரிகளுக்கு சோர்ஸ் கோட் என்று பெயர். அவற்றைக் கம்ப்யூட்டர் மட்டும் புரிந்துகொள்ளும் எண்களாக அரைத்து நம்மிடம் தருகிறார்கள். பொடியைப் பயன்படுத்தலாம், ஆனால் அதே பொடியை நாமே அரைக்க முடியாது.

ஓப்பன் சோர்ஸ் என்றால் அளவுக் குறிப்பையும் சேர்த்துத் தருவது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். இதில் முக்கியமாக இரண்டு வகை லைசென்ஸ்கள் உண்டு. ஜிபிஎல் என்ற லைசென்ஸ், "என் குறிப்பை மாற்றிப் பொடி அரைத்து மற்றவருக்குக் கொடுத்தால், நீ மாற்றிய குறிப்பையும் சேர்த்துக் கொடு" என்கிறது. லினக்ஸ் இந்த வகை. எம்ஐடி என்ற லைசென்ஸ் அவ்வளவு கண்டிப்பு காட்டாது. "என் பெயரையும் இந்த லைசென்ஸையும் மட்டும் நீக்கிவிடாதே. மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்துகொள். உன் குறிப்பை மறைத்து விற்றாலும் சரி" என்று விட்டுவிடும். மைக்ரோசாப்ட் தன் சாப்ட்வேர்களைத் திறந்துவிடும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான் தேர்ந்தெடுக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அன்று புற்றுநோய்

இந்த நிறுவனம் ஓப்பன் சோர்ஸ் பக்கம் வரும் என்று 20 ஆண்டுகளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மைக்ரோசாப்ட் தொடங்கிய மறு ஆண்டே, 1976 பிப்ரவரியில், பில் கேட்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்டேர் என்ற கம்ப்யூட்டருக்குத் தாங்கள் எழுதிய பேசிக் சாப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதம் கூட இல்லை, மற்றவர்கள் காப்பி அடித்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய புகார். சாப்ட்வேர் என்பது விலைக்கு விற்கும் பொருள் என்ற எண்ணம் அந்தக் கடிதத்தில் அழுத்தமாக இருந்தது. நிறுவனம் வளர்ந்ததும் அந்த எண்ணத்தில்தான்.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். 7 ஆண்டுகளுக்குள் அது மைக்ரோசாப்டைக் கவலைப்பட வைத்தது. 1998 அக்டோபர் இறுதியில் நிறுவனத்தின் உள் அறிக்கைகள் சில கசிந்து வெளியே வந்தன. ஹாலோவீன் பண்டிகை நேரத்தில் வந்ததால் அவற்றுக்கு ஹாலோவீன் ஆவணங்கள் என்று பெயர் வந்துவிட்டது. ஓப்பன் சோர்ஸ் முறை நம் வருமானத்துக்கு நேரடி ஆபத்து என்று மைக்ரோசாப்டே தனக்குள் பேசிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. 2001-ல் அப்போதைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர், ஒரு சிகாகோ நாளிதழுக்கு அளித்த பேட்டியில் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்கிறது என்றார். அவர் பயந்தது மேலே சொன்ன ஜிபிஎல் நிபந்தனைக்குத்தான்.

2007-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். லினக்ஸும் மற்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்களும் சேர்ந்து தங்களுடைய 235 காப்புரிமைகளை மீறுகின்றன என்றார்கள். எந்த 235 என்று பட்டியல் தரவில்லை. லினக்ஸ் பயன்படுத்தும் நிறுவனங்களைப் பயமுறுத்த அந்த எண்ணே போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மனம் மாறியது எப்படி?

2009 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. மைக்ரோசாப்ட் சுமார் 20,000 வரி சோர்ஸ் கோடை ஜிபிஎல் லைசென்ஸிலேயே லினக்ஸுக்குக் கொடுத்தது! ஒரே சர்வரில் பல ஆப்பரேட்டிங் சிஸ்டங்களை ஓட்ட உதவும் ஹைப்பர்-வி என்ற மைக்ரோசாப்ட் சாப்ட்வேரின் மேல் லினக்ஸ் நன்றாக ஓடுவதற்கான டிரைவர்கள் அவை. அந்த டிரைவர்களில் ஜிபிஎல் பகுதிகளும் மூடிய பகுதிகளும் கலந்திருப்பதை லினக்ஸ் புரோகிராமர் ஒருவர் கவனித்துச் சுட்டிக்காட்டியிருந்தார். அதனால்தான் வெளியிட்டோம் என்பதை மைக்ரோசாப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியோ, பூட்டு ஒருமுறை திறந்தது.

உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது. 2010-ல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் அஷூர் என்ற கிளவுட் சேவையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தன்னுடைய பெரிய பெரிய சர்வர்களை மற்ற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் தொழில் இது. வாடகைக்கு வருபவர்களில் பலர் லினக்ஸ்காரர்கள். "எங்கள் கட்டடத்தில் விண்டோஸ்காரர்கள் மட்டும்தான் குடியிருக்கலாம்" என்றால் வீடு காலியாகக் கிடக்கும். 2012-ல் லினக்ஸுக்கும் இடம் கொடுத்தார்கள். 2014-ல் விண்டோஸ் அஷூர் என்ற பெயரையே மைக்ரோசாப்ட் அஷூர் என்று மாற்றினார்கள். பெயர்ப் பலகையிலிருந்தே விண்டோஸ் இறங்கிவிட்டது!

அதே ஆண்டு பிப்ரவரியில், ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா தலைமை அதிகாரியானார். அதற்கு முன் அவர் கவனித்துவந்ததும் இந்தக் கிளவுட் பிரிவைத்தான். அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில், மைக்ரோசாப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று இதயப் படம் போட்ட ஸ்லைடைக் காட்டினார். அஷூரில் ஓடும் கம்ப்யூட்டர்களில் 20 சதவீதம் அப்போதே லினக்ஸ். பின்னாளில் அது பாதியைத் தாண்டிவிட்டது. காப்பி விற்று வந்த பணத்தைவிட வாடகைப் பணம் வளரும் என்று தெரிந்த பிறகு, குடிவருபவர் என்ன சாப்ட்வேர் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. காதல் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு இது நல்ல வியாபாரக் கணக்காகத்தான் தெரிகிறது. அதில் தவறும் இல்லை.

பிறகு வேகமாக நடந்தது. புரோகிராம் எழுத உதவும் டாட்நெட், 2014 நவம்பரில் ஓப்பன் சோர்ஸ் ஆவதாக அறிவிக்கப்பட்டது. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டர் 2015-லும், பவர்ஷெல் 2016-லும் வந்தன. 2016 நவம்பரில் லினக்ஸ் பவுண்டேஷனில் மைக்ரோசாப்ட் உறுப்பினராகவே சேர்ந்தது. 2018 அக்டோபரில், லினக்ஸைக் காப்புரிமை வழக்குகளிலிருந்து காக்கும் கூட்டமைப்பில் தன்னுடைய 60,000 காப்புரிமைகளோடு சேர்ந்தது. 235-ஐக் காட்டி மிரட்டியவர்கள்தான்! 2020-ல் நிறுவனத்தின் தலைவர் பிராட் ஸ்மித், ஓப்பன் சோர்ஸ் விஷயத்தில் நாங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றுவிட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓர் உதாரணம்

இதெல்லாம் புரோகிராமர்கள் விஷயம், நமக்கென்ன என்கிறீர்களா? ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, கால்குலேட்டரைத் திறங்கள். 1985-ல் வந்த முதல் விண்டோஸிலிருந்தே கூட வரும் புரோகிராம் இது. 2019 மார்ச்சில் இதன் சோர்ஸ் கோடை மைக்ரோசாப்ட் எம்ஐடி லைசென்ஸில் வெளியிட்டது. புதிய பதிப்புகளில் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் பகுதிக்குப் போனால், கிட்ஹப் தளத்துக்கான லிங்க் இருக்கும். அங்கே உங்கள் கால்குலேட்டர் எப்படிக் கூட்டுகிறது, எப்படி வகுக்கிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம். இதே கால்குலேட்டரை வேறொரு நிறுவனம் எடுத்து ஆண்ட்ராய்ட் போனிலும் ஐபோனிலும் லினக்ஸிலும் ஓடும்படி செய்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவை இருக்கவில்லை.

இப்போது அதே மூன்று கோடுகளில் கிராபிங் என்ற பகுதியைப் பாருங்கள். சமன்பாட்டைக் கொடுத்தால் வரைபடம் போட்டுக் காட்டும் வசதி இது. இதற்கான எஞ்சின் மட்டும் ஓப்பன் சோர்ஸ் இல்லை. அது மைக்ரோசாப்டின் தனிச்சொத்து. சோர்ஸ் கோடை எடுத்து நீங்களே கால்குலேட்டரைத் தயாரித்தால், அந்த இடத்தில் ஒரு பொம்மை எஞ்சின்தான் இருக்கும். கூட்டல் கழித்தல் திறந்த வீடு, வரைபடம் பூட்டிய அறை. மைக்ரோசாப்டின் ஓப்பன் சோர்ஸ் கொள்கை முழுவதையும் இந்த ஒரு சின்னப் புரோகிராமில் பார்த்துவிடலாம் என்பேன்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் கதையும் இப்படித்தான். சோர்ஸ் கோட் எம்ஐடி லைசென்ஸில் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாப்ட் தளத்தில் நாம் டவுன்லோட் செய்யும் பைலுக்கு வேறு லைசென்ஸ். அதில் நிறுவனத்தின் முத்திரையும், நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற விவரத்தை அனுப்பும் வசதியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை வேண்டாம் என்பவர்களுக்காக அதே சோர்ஸ் கோடிலிருந்து தன்னார்வலர்கள் விஎஸ்கோடியம் என்ற பதிப்பைத் தயாரித்துத் தருகிறார்கள். எட்ஜ் பிரவுசரும் இதே ரகம். 2020 ஜனவரி முதல் அது குரோமியம் என்ற ஓப்பன் சோர்ஸ் பிரவுசரின் மேல் கட்டப்பட்டு வருகிறது. கூகுள் குரோமுக்கும் அடித்தளம் அதுதான். அடித்தளம் திறந்தது, மேலே கட்டிய வீடு மூடியது. எம்ஐடி போன்ற தாராளமான லைசென்ஸ்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன.

திறந்ததைத் திரும்ப மூட முடியுமா?

முயன்று பார்த்தார்கள். 2021 அக்டோபரில், புரோகிராமை நிறுத்தாமலேயே மாற்றங்களைப் பார்க்கும் ஹாட் ரீலோட் என்ற வசதியை, திறந்த டாட்நெட் கருவியிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்தார்கள். விலைக்கு விற்கும் விஷுவல் ஸ்டுடியோவில் மட்டும் அது இருக்கும் என்றார்கள். உலகம் முழுவதும் புரோகிராமர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டார்கள். எடுத்த வரிகளை எல்லோரும் பார்க்க முடிந்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

இதைவிட நல்ல உதாரணம் அட்டம். ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்கள் பெருமளவில் சேமிக்கப்படும் கிட்ஹப் தளத்தை மைக்ரோசாப்ட் 2018-ல் 750 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. "நம் கிடங்கின் சாவி அவர்களிடம் போய்விட்டதே" என்று அஞ்சிப் பலர் வேறு தளங்களுக்கு மாறினார்கள். கிட்ஹப் தளத்தினர் உருவாக்கிய எடிட்டர்தான் அட்டம். 2022 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். மைக்ரோசாப்டின் சொந்த எடிட்டருக்கு அது போட்டி என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அட்டம் சாகவில்லை. சோர்ஸ் கோட் வெளியே இருந்ததால் ஆர்வலர்கள் சேர்ந்து பல்சர் என்ற பெயரில் அதைத் தொடர்ந்தார்கள்.

இதையே விண்டோஸ் 10 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் சிறிது கால நீட்டிப்பு கொடுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. "சரி, நீங்கள் விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வேறு யாரும் விண்டோஸ் 10-ஐ எடுத்து நடத்த முடியாது. அளவுக் குறிப்பு நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்ற சொல் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொடும் இடம் இதுதான். காசு இல்லாமல் கிடைக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. தயாரித்தவர் கைவிட்டால் வேறு ஒருவர் எடுத்து நடத்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

மைக்ரோசாப்ட் திறந்து வைத்தவற்றில் வீட்டுக்கு உடனே பயன்படக்கூடியது பவர்டாய்ஸ். விண்டோஸ் 95 காலத்திலேயே இந்தப் பெயரில் ஒரு கருவிப் பெட்டி இருந்தது. 2019-ல் புதிதாக எழுதி, ஓப்பன் சோர்ஸாகவே மீண்டும் கொண்டுவந்தார்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். போட்டோக்களைத் தேர்வு செய்து ரைட் கிளிக் செய்தால் ஒரே சமயத்தில் எல்லாவற்றின் அளவையும் குறைக்கலாம். நூறு பைல்களின் பெயரை ஒரே அடியில் மாற்றலாம். வேலை செய்யாத கீ ஒன்றின் வேலையை வேறொரு கீயிடம் ஒப்படைக்கலாம். ஸ்டோரிலிருந்தோ கிட்ஹப்பில் உள்ள அதன் சொந்தப் பக்கத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். வேறு தளங்களில் இதே பெயரில் கிடைப்பதைத் தொடவேண்டாம்.

மீண்டும் ஆசிரியர் வீட்டுக்கு வருகிறேன். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் என்று போய்ப் பார்த்தோம். லைசென்ஸ் இல்லை என்று அங்கே தெளிவாகவே இருந்தது. கடைக்குப் போன் செய்தபோது, ஒரு "ஆக்டிவேட்டர்" புரோகிராம் அனுப்புகிறேன், ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள் என்றான் அந்தப் பையன். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எந்தப் புரோகிராமையும் நான் யார் வீட்டிலும் ஓட்டுவதில்லை. இரண்டு வழி சொன்னேன். விண்டோஸை முறையாக விலைக்கு வாங்கலாம். இல்லையென்றால் லினக்ஸும் அதனுடன் லிப்ரே ஆபீஸும் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசும் வேண்டாம், ஆக்டிவேஷனும் வேண்டாம். ஒரு வாரம் யோசித்துவிட்டு விண்டோஸ் லைசென்ஸே வாங்கினார். மகன் வீட்டிலும் அதுதான் இருக்கிறதாம், சந்தேகம் வந்தால் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றார். ஆபீஸுக்கு மட்டும் காசு கொடுக்க மனமில்லாமல் லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது கால்குலேட்டரில் ஏதோ வளைகோடு வரைந்துகொண்டிருந்தார். "இதுதானே தம்பி, அந்தப் பூட்டின அறை?" என்று கேட்டுவிட்டு, அடுத்த சமன்பாட்டை டைப் செய்ய ஆரம்பித்தார்.